குணமாக்கியது எது?

ஜூன் மாதம் சாரல் பிடித்துவிட்டால் தென்காசிப் பேருந்து நிலையத்தில் குற்றாலம் வண்டிக்கு இடம்பிடிப்பது லேசான காரியமல்ல. பேரருவியில் கூட்டம் நெரிந்தால் ஆட்டோ பிடித்து ஐந்தருவிக்குப் போவார்கள். அங்கும் வரிசைதான். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. கரையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து உடம்பு பிடித்துவிடுபவர்கள் இருப்பார்கள். ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூறு கட்டி விற்பனையாகும். இந்தக் கூட்டத்தில் ஆண்டு தவறாமல் வரும் ஒரு ரகம் உண்டு. அவர்கள் முழங்கால் வலிக்காரர்கள். "மூலிகையில பட்டு வர்ற தண்ணி. பத்து நாள் குளிச்சாப் போதும், வலி ஓடிரும். எங்க அத்தைக்கே ஓடிருக்கே!" என்று பக்கத்தில் நிற்பவருக்கு நம்பிக்கை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அத்தை பொய் சொல்லவில்லை. வலி குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். குறைத்தது எது என்பதுதான் புதிர்.

மலையில் உள்ள மூலிகையா? தலையிலும் தோளிலும் விழுந்த தண்ணீரின் அடியா? குளிப்பதற்கு முன் தேய்த்த எண்ணெயா? பத்து நாள் வீட்டு வேலை இல்லாமல், மாடிப்படி ஏறாமல், பேரன் பேத்தியோடு சிரித்துப் பேசி உட்கார்ந்திருந்ததா? இன்னொரு சந்தேக நபரும் உண்டு. அவரை யாரும் கவனிப்பதில்லை. மூட்டுவலி ஒரே அளவில் நிற்கும் வலி அல்ல. ஏறும், இறங்கும். தாங்க முடியாத அளவுக்கு ஏறும்போதுதான் மனிதர் மருந்து தேடி, அருவி தேடிக் கிளம்புகிறார். உச்சத்தில் இருப்பது அதன்பின் இறங்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் குற்றாலம் போனால் பெயர் குற்றாலத்துக்கு. லேகியம் சாப்பிட்டால் பெயர் லேகியத்துக்கு. டாக்டரைப் பார்த்தால் டாக்டருக்கு.

அருவிக்கரையில் நிற்பவர்களிடமே கேட்டுப் பார்த்துவிடலாமே என்றால், அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஐந்தாவது ஆண்டாகக் குளிக்க வந்தவர் யார்? முந்தைய ஆண்டுகளில் பலன் கண்டவர், அல்லது கண்டதாக நினைப்பவர். பலன் காணாதவர் கடையநல்லூரிலோ புளியங்குடியிலோ தன் வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் யாரும் கேட்பதில்லை. அருவிக்கரையில் ஆயிரம் பேரைக் கேட்டாலும் கிடைப்பது ஒரு பக்கத்துச் சாட்சி மட்டுமே.

இந்தச் சிக்கலை அவிழ்க்க மருத்துவ உலகம் கண்டுபிடித்த வழிதான் கிளினிக்கல் டிரையல். மருத்துவச் சோதனை ஆய்வு என்று தமிழில் சொல்லலாம். 'சோதனை' என்றதும் எலியும் ஊசியும் நினைவுக்கு வந்து பலருக்கு முகம் சுருங்கும். ஆனால் அதன் உயிர்நாடி மிக எளிய ஒரு கேள்வி: இதைச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஐந்தருவிக்கே ஓர் ஆய்வு வகுத்துப் பார்ப்போம். முழங்கால் வலி உள்ள இருநூறு பேர் சம்மதிக்கிறார்கள் என்று வையுங்கள். நூறு பேர் பத்து நாள் அருவியில் குளிக்கட்டும். மற்ற நூறு பேர் ஒப்பீட்டுக் குழு. அவர்கள் என்ன செய்ய வேண்டும்? வீட்டிலேயே இருந்தால், முடிவில் தெரியவருவது 'குற்றாலப் பயணம் நல்லதா' என்பதற்கான விடை. அருவியைப் பற்றித் தனியாக ஒன்றும் தெரியாது. அருவியின் பங்கு மட்டும் தெரிய வேண்டுமென்றால் அந்த நூறு பேரையும் குற்றாலத்துக்கே கூட்டிவந்து, அதே விடுதியில் தங்கவைத்து, அதே சாப்பாடு போட்டு, அதே எண்ணெய் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் குளிக்கச் சொல்ல வேண்டும். ஒப்பீட்டுக் குழுவை மாற்றினால் கேள்வியே மாறிவிடும். செய்தித்தாளில் 'ஆய்வில் நிரூபணம்' என்று பார்த்தால் முதலில் தேட வேண்டியது, எதோடு ஒப்பிட்டார்கள் என்பதைத்தான்.

அடுத்தது, யார் அருவிக்கு, யார் குழாய்க்கு? அவரவர் விருப்பத்துக்கு விட்டால் திடகாத்திரமானவர்கள் அருவிக்கு ஓடுவார்கள், நடக்க முடியாதவர்கள் குழாயடியில் நிற்பார்கள். டாக்டர் பார்த்துப் பிரித்தாலும் அவருக்கே தெரியாமல் ஒரு சாய்வு வந்துவிடும். அதனால் குலுக்கல். சீட்டு யார் பெயருக்கு விழுகிறதோ அவர் அந்தப் பக்கம். குலுக்கல் வயது பார்க்காது, வசதி பார்க்காது, நம்பிக்கை பார்க்காது. நமக்குத் தெரிந்த வேறுபாடுகளை மட்டுமல்ல, இன்னும் யாருக்குமே தெரியாத வேறுபாடுகளையும் அது இரு பக்கத்துக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்கிட்டுவிடும். புள்ளியியலாளர்கள் இதைச் சமவாய்ப்பு ஒதுக்கீடு என்பார்கள்.

ஆள் எண்ணிக்கையும் முக்கியம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது செல்லுபடியாவது, பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே ரகம், ஒரே தண்ணீர், ஒரே தீ என்பதால். மனிதர்கள் அப்படி அல்ல. ஒருவருக்கு ஐம்பது வயது, ஒருவருக்கு எழுபது. ஒருவர் பீடி சுற்றுபவர், ஒருவர் வயலில் நாற்று நடுபவர். ஓர் அத்தையை எடுத்துப் பார்த்துப் பானையைத் தீர்மானிக்க முடியாது. எத்தனை பேர் தேவை என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே கணக்குப் போட்டு வைப்பார்கள்.

எதை வைத்து அளப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். பண்பொழி திருமலைக்கோயில் படிகளை எத்தனை நிமிடத்தில் ஏறுகிறார் என்று அளப்பதாக முடிவு செய்தால், கடைசியில் அது சரிவராதபோது 'தூக்கம் நன்றாக வந்ததே' என்று பேச்சை மாற்றக்கூடாது. இருபது விஷயங்களை அளந்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே நல்லதாகத் தெரியும். பிறகு அதை மட்டும் எடுத்துக் காட்டுவது, அம்பு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடும் வேலை.

இன்னும் ஒரு தடை பாக்கி. மாத்திரை ஆய்வு என்றால், பார்க்க அச்சு அசலாக இருக்கும் வெற்று மாத்திரை ஒன்றைச் செய்துவிடலாம். சாப்பிடுபவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. இதற்கு இரட்டை மறைப்பு என்று பெயர். மருந்து சாப்பிட்டோம் என்ற நம்பிக்கையே வலியைக் குறைத்துக் காட்டும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆனால் ஐந்தருவிக்குப் போலி அருவி கட்ட முடியுமா? தலையில் விழுவது அருவியா குழாயா என்று குளிப்பவருக்குத் தெரியாமல் போகுமா?

இதே முடிச்சு சுமார் எழுபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு மருத்துவக் குழுவின் முன்னாலும் விழுந்தது. அவர்கள் அதை அவிழ்த்த விதம் உலகத்தின் காசநோய் வைத்தியத்தையே மாற்றியது.

1950களில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய சானடோரியத்தின் பெயரை அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் சுமக்கிறது. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. அதற்குள் காசநோய்க்கு மருந்துகள் வந்துவிட்டன. பிரிட்டனில் புள்ளியியலாளர் பிராட்ஃபர்ட் ஹில் வடிவமைத்து 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு, குலுக்கல் முறைக்கே முன்மாதிரி ஆனது. மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம், எல்லோருக்கும் கொடுக்க மருந்தே இல்லை. குலுக்கிப் போட்டது அந்தத் தட்டுப்பாட்டில் நியாயமாகவும் இருந்தது.

மருந்து வேலை செய்கிறது, சரி. சானடோரியம் வேண்டுமா? மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன? கேட்கவே துணிச்சல் வேண்டிய கேள்வி. ஒற்றை அறைக் குடிசை, அரை வயிற்றுச் சாப்பாடு, பக்கத்தில் கைக்குழந்தை. இந்தச் சூழலில் நோயாளி தேறுவாரா, வீட்டாருக்கும் பரப்புவாரா?

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என நான்கு கைகள் சேர்ந்த முயற்சி. பொறுப்பேற்று வந்தவர் பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேர் ஆய்வில் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வீட்டுக்கு, பாதிப் பேர் சானடோரியத்துக்கு. இரு பக்கத்துக்கும் ஓராண்டு அதே மருந்துகள்: ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும்.

வீட்டில் இருப்பவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று எப்படித் தெரியும்? பி.ஏ.எஸ். லேசான மருந்தல்ல. தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். 'சாப்பிட்டேன் சார்' என்ற வார்த்தையை மட்டும் நம்பி ஆய்வு நடத்த முடியாது. ஆகவே மையத்துப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் நின்றார்கள். மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். மருந்து உள்ளே போயிருந்தால் வேதிப்பொருள் பட்டதும் சிறுநீர் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மறைப்பு? தான் இருப்பது வீடா சானடோரியமா என்பதை எந்த நோயாளியிடமும் மறைக்க முடியாது. அதனால் அளப்பவரின் கண்ணைக் கட்டினார்கள். எக்ஸ்-ரே படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவருக்கு அது எந்தப் பக்கத்து நோயாளியின் நுரையீரல் என்று தெரியாது. சளியில் கிருமி வளர்கிறதா என்பது ஆய்வகத்தில் தெரியும் சங்கதி, அதற்கு யார் மீதும் அபிமானம் கிடையாது. ஐந்தருவி ஆய்விலும் இதையே செய்யலாம். படியேறும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்ப்பவருக்கு, ஏறுபவர் எங்கே குளித்தார் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. ஓராண்டில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் நூற்றுக்கு 86. அப்படியானால் சானடோரியம்தானே ஜெயித்தது என்று தோன்றும். இங்கேதான் குலுக்கலின் குணத்தை நினைவில் வைக்க வேண்டும். இறுதிக் கணக்கில் ஒரு பக்கத்துக்குச் சுமார் எண்பது பேர். ஆறு சதவீதம் என்றால் நான்கைந்து பேர்தான். சீட்டு விழுந்த அதிர்ஷ்டத்திலேயே அந்த அளவு ஏற்ற இறக்கம் வந்துவிடக்கூடும். ஐந்தாண்டு வரை விடாமல் பின்தொடர்ந்து பார்த்தபோதும் இரு பக்கத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு அதிக எடை கூடியிருந்தார்கள். ஆனாலும் நோயை அடக்கியதில் மருந்துதான் முக்கியப் பங்கு வகித்திருந்தது.

வீட்டாருக்குப் பரவும் என்ற பயமும் பொய்த்தது. வீட்டிலேயே வைத்தியம் பார்த்தவர்களின் குடும்பத்தில் கூடுதலாகப் புதிய நோயாளிகள் வரவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே, மாதக்கணக்கில் இருமிய காலத்தில் பரவ வேண்டியது பரவிவிட்டிருந்தது. மருந்து தொடங்கியபின் பரவும் ஆற்றல் வேகமாகக் குறைந்துவிடுகிறது. சானடோரியத்தில் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்கும் வழக்கம் உலகெங்கும் தேய்ந்துபோனதில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததை நாம் பின்பற்றிய கதை அல்ல இது. சென்னையின் குடிசைகளில் கிடைத்த விடையை உலகம் எடுத்துக்கொண்டது. பள்ளிப் பாடநூலில் இருக்க வேண்டிய சங்கதி. அந்த மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அதே சேத்துப்பட்டில் இருக்கிறது.

எல்லா ஆய்வும் நல்ல செய்தி சொல்லாது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிக்கு ஒரு மாபெரும் ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் பி.சி.ஜி. நன்றாகவே காத்திருந்தது. இங்கும் அப்படித்தான் வரும் என்று எதிர்பார்த்தார்கள். 1979இல் வந்த முதல் அறிக்கை, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்றது. பதினைந்து ஆண்டு முடிவும் பெரியவர்கள் விஷயத்தில் அதையே சொன்னது. நம் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள, காசநோய்க் கிருமிக்கு உறவான நுண்ணுயிர்கள் உடலை முன்பே பழக்கிவிடுவது காரணமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. இன்றும் போடப்படுகிறது. மூளைக்காய்ச்சல் போன்ற கடும் காசநோய் வகைகளிலிருந்து குழந்தைகளை அது காக்கிறது என்பதே காரணம். ஆகவே ஊசி வேண்டாம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஓர் ஊரில் கிடைத்த விடை இன்னோர் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்குச் செங்கல்பட்டைவிட அழுத்தமான சான்று கிடைக்காது.

கொரோனா நாட்களில் 'பிளாஸ்மா தேவை' என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். நோயிலிருந்து மீண்டவரின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது, அதை நோயாளிக்கு ஏற்றினால் பிழைப்பார் என்பது கேட்கத் தர்க்கமாகத்தான் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை நாடெங்கும் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் குலுக்கல் முறையில் இதைச் சோதித்தது. நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் பிளாஸ்மா பெற்றவர்களில் நூற்றுக்கு 19, பெறாதவர்களில் நூற்றுக்கு 18. பலன் இல்லை. 2021 மே மாதம் தேசிய வழிகாட்டு நெறிகளிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. அதுவரை ஏற்றிக்கொண்டு பிழைத்தவர்கள் ஒவ்வொருவரும் 'பிளாஸ்மாதான் காப்பாற்றியது' என்று மனமார நம்பியிருப்பார்கள்.

புதிய மருந்து என்றால் படிகள் உண்டு. ஆய்வகத்திலும் விலங்குகளிடமும் பார்த்தபின், முதல் கட்டத்தில் சிறு எண்ணிக்கையில் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களிடம் உடல் தாங்குமா, எந்த அளவு என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் நோயாளிகளிடம் பலன் தெரிகிறதா என்று தேடுவார்கள். மூன்றாம் கட்டம்தான் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ ஆள் சேர்த்து நடக்கும் பெரிய ஒப்பீடு. சந்தைக்கு வந்தபின்னும் அரிய பக்க விளைவுகளுக்காகக் கண்காணிப்பது நான்காம் கட்டம்.

இத்தனையும் மனிதர்கள் மீது நடப்பது. அதனால் சம்மதம் என்பது வெறும் காகிதச் சடங்கு ஆகிவிடக் கூடாது. ஆகிவிட்ட கதையும் நம்மிடம் உண்டு. 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் நடந்தது. செயல்விளக்கத் திட்டம் என்று அதற்குப் பெயர். பெற்றோருக்குப் பதிலாகப் பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சில சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு தெரியவில்லை என்றே விசாரணை சொன்னது. ஆனால் சம்மதம் வாங்கிய விதத்தை 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதாகவே இருக்கட்டும். தாய் தகப்பனைக் கேட்காமல் போட்டதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

அதன்பின் விதிகள் இறுகின. 2019இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த ஆய்வும் தொடங்க முடியாது. குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவர், பெண் ஒருவர், மருத்துவத் துறை சாராத சாமானியர் ஒருவர் கட்டாயம். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளைப் பதிவுசெய்ய 2007இல் ஒரு தேசியப் பதிவகமும் தொடங்கப்பட்டது. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி தேவைப்படும் ஆய்வுகளுக்கு 2009 முதல் பதிவு கட்டாயம். சி.டி.ஆர்.ஐ. என்ற அந்தத் தளத்தை யார் வேண்டுமானாலும் கைபேசியிலேயே பார்க்கலாம். எந்த மருந்து, எதோடு ஒப்பீடு, எத்தனை பேர், எதை அளக்கப் போகிறார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும்.

நாளை ஒரு மருத்துவமனையில் உங்களையோ வீட்டில் ஒருவரையோ ஆய்வில் சேரக் கேட்டால் பயந்து ஓடவும் வேண்டாம், கேட்டவர் டாக்டர் என்பதற்காகத் தலையாட்டவும் வேண்டாம். தகவல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள், படிக்கத் தெரிந்தவரிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்குக் கிடைக்கப்போவது புது மருந்தா, இப்போதுள்ள மருந்தா, வெற்று மருந்தா, அதை யார் எப்படித் தீர்மானிப்பார்கள் என்று கேளுங்கள். பதிவு எண்ணையும், இரவில் ஏதாவது ஆனால் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்தபின் எந்த நாளும் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். வழக்கமான சிகிச்சையை அதற்காக யாரும் நிறுத்த முடியாது. பதில்கள் விளங்கியபின் மட்டும் கையெழுத்துப் போடுங்கள், அதன் நகல் ஒன்றையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.